யார் பக்கத்து நோய்

“ஒங்க அப்பாருக்குத்தான் காலு வீங்கிக் கெடக்கும். ஊருக்கே தெரியும்” என்றாள் அம்மா, அப்பாவிடம்.

ஸ்கேன் சென்டரில் காத்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் விடும் குரல் அது. அடக்கிப் பேசினாலே பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்.

அப்பாவும் விடவில்லை. “ஒங்க அம்மா பிரஷர்ல விழுந்தாங்களே, அது என்ன எங்க வீட்டு நோயா?”

எனக்கு வயது முப்பத்திரண்டு. இரண்டு சிறுநீரகங்களிலும் திராட்சைக் கொத்துபோல நீர்க்கட்டிகள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ்.

இது பரம்பரையாக வருவது, அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து வந்திருக்கும், இருவரும் ஸ்கேன் எடுங்கள் என்று புதுச்சேரி டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் இதே சண்டைதான்.

செத்துப்போனவர்களையும் விட்டுவைக்கவில்லை. என்றோ ஒருநாள் இடுப்பு வலி என்று படுத்த பெரியத்தைகூட சாட்சிக்கு வந்தாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. என் நோயை ஒருவர் தலையில் ஒருவர் கட்டிவிடப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அப்பா உள்ளே போய் வந்தார். அடுத்து அம்மா. ஸ்கேனுக்காகக் குடித்திருந்த தண்ணீருக்கு, வெளியே வந்ததும் பாத்ரூமைப் பார்த்து ஓடினாள்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா மூவரையும் கூப்பிட்டார்.

“அப்பாவுக்கு ரெண்டு பக்கமும் கட்டி இருக்கு. சின்னச் சின்னதுதான், பிரஷரைக் கவனமா பாத்துக்கிட்டு வாங்க. அம்மாவுக்கு ஒண்ணுமே இல்ல.”

அம்மா கைதட்டினாள். நிஜமாகவே கைதட்டினாள்.

அப்பாவின் முகம் தொங்கிவிட்டது. பயந்துவிட்டார் போல என்று அவர் தோளைத் தொட்டேன்.

“கட்டி கெடந்துட்டுப் போவுது எழிலு” என்றார். “கட்டி இல்லாதவங்கதான் ஒனக்குக் கிட்னி குடுக்கலாமாம். ரெண்டு பேரு ரத்தமும் பொருந்துதாம். ஒன்கிட்ட சொன்னா நீ வேணாம்பேன்னுதான் சொல்லல. நாந்தான் குடுப்பேன்னு இருந்தேன். ஒங்கம்மா தட்டிக்கிட்டுப் போயிட்டா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது.

அம்மா எங்களைக் கவனிக்கவேயில்லை. நாற்காலியை டாக்டரம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்கேன் படத்தில் விரல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ரெண்டுல எதுங்க நல்லாருக்கு? அதைப் பாத்து இவளுக்கு எடுத்துக்கச் சொல்லுங்க.”