மூட்டைக்குள் என்ன?

பஸ், லாரி எல்லாம் ஸ்டிரைக் என்பதால், வரதய்யபாளையம் தாட்சாயணி தடாவில் படகேறி, கால்வாய் வழியாக மெட்ராஸ் புறப்பட்டாள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு மூட்டைமேல் சாய்ந்தாள். மெத்தைபோல் இருந்தது.

“இதுல இன்னா கீதுண்ணா? பஞ்சா?”

“தெரியலம்மா,” என்றார் படகுக்காரர் நாகேந்திரன். “யாரோ வியாபாரி ஏத்தி வுட்டாரு. தண்ணி படக்கூடாது, பிரிக்கக்கூடாதுன்னாரு. நானும் காலையிலேர்ந்து அதையேதான் யோசிச்சிக்கினு வரேன்.”

தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கும் லாக்கு வந்தது. படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவையும் மூடிவிட்டு, தண்ணீரை மெல்ல வடித்தார்கள். தண்ணீரோடு படகும் கீழே இறங்குவதை அவள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, சோதனைக்கு நின்ற போலீஸ்காரர் படகில் குதித்தார்.

“மூட்டையில இன்னா, கடத்தல் சரக்கா? பிரி!”

நாகேந்திரன் மூட்டையின் கட்டை அவிழ்த்தார். கருகருவென்று கூந்தல் சரிந்தது. அடுத்த மூட்டையிலும் கூந்தல்தான்.

“இத்தினி பொம்பளைங்க முடி ஏதுய்யா? அவங்களை எல்லாம் இன்னா பண்ணே? நட ஸ்டேஷனுக்கு!”

“அய்யா, சத்தியமா எனக்குத் தெரியாது!”

தாட்சாயணி குறுக்கே வந்தாள். “அவரை வுட்டுடுங்க சார். இது திருமலை முடி. ஏலத்துக்கு மூட்டை கட்டிக்கினு இருந்ததை நானே பாத்தேன். தலைக்கு வெக்கிற டோப்பா செய்ய சீமைக்குப் போவுதாம்.”

“நீ அங்க எதுக்குப் போனே?”

அவள் முந்தானையை விலக்கினாள். சந்தனம் பூசிய மொட்டைத் தலை வெயிலில் மின்னியது.

“போன வாரம்கூட எனக்கு முழங்கால் வரைக்கும் முடி இருந்திச்சி. இதுல கீதான்னு நீங்களும் கொஞ்சம் தேடிப் பாருங்க சார்!”