காணாமல் போன ஊசி முனை

“செருப்பைக் கழட்டுங்க மருதாக்கா. ஊசி அதுலதான் ஏறியிருக்கோணும்.”

முதலாளி ராசப்பன் யாரைத் திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார். மரியாதையில் குறை வைத்தார் என்று பெருமாநல்லூர் வட்டாரத்தில் ஒருவரும் சொல்லிவிட முடியாது.

மருதாள் தைத்துக்கொண்டிருந்த மெஷினில் ஊசி ஒடிந்துவிட்டது. ஒடிந்த ஊசியின் எல்லாத் துண்டையும் கண்டுபிடித்துக் காட்டாமல் லைனை ஓட்டக் கூடாது. தைப்பதோ வெளிநாட்டுக் கைக்குழந்தைகளுக்கான பனியன். மேல்துண்டு கிடைத்துவிட்டது. முனையைத்தான் காணோம்.

சத்தம் கேட்டதும் முதல் ஆளாக ஓடிவந்து மெஷினைச் சுற்றிச் சுற்றித் தேடியவர் ராசப்பன்தான். பிறகு தரை பூராவும் காந்தம் இழுத்தார்கள். தைத்த பனியன் அத்தனையும் மெட்டல் டிடெக்டருக்குள் போய் வந்தது. பலனில்லை. வெளியே கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“இது கம்பெனி இல்லீங்க, கோயிலு. நானே வெறுங்காலோடதான் உள்ள வர்றேன். உங்களுக்கு மட்டும் என்னுங்க செருப்பு?”

“சுகர் செருப்புங்க மொதலாளி. ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. வெறுங்கால்ல நடந்தா மிச்ச வெரலும் போயிரும்னு டாக்டர் சொன்னாரு. அனிதா கண்ணுதான் போட்டுக்கச் சொல்லுச்சு.”

குவாலிட்டி பார்க்கும் அனிதா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருதாள் செருப்பைக் கழற்றினாள். வலது காலில் இரண்டு விரல் இல்லை. அந்தப் புண் ஆறுவதற்குள் பழைய கம்பெனி வேலை போயிற்று. விசேஷ வீடுகளுக்குப் போவது நின்றுபோயிற்று. கடைக்குப் போகக்கூட மகளைக் கெஞ்ச வேண்டியதாயிற்று. மிச்சமிருந்தது இந்த மெஷின் ஒன்றுதான்.

“எனக்குந்தான் சுகர் இருந்துச்சு,” என்றார் ராசப்பன், லைன் முழுக்கக் கேட்கும்படி. “பாதம் ரெண்டும் தீயா எரியும். மாத்திரையத் தூக்கி வீசிட்டுப் பழனிக்கு நடந்தேன். இப்ப எரிச்சல் போன எடந் தெரியல. எல்லாம் மனசுதானுங்க.”

சூப்பர்வைசர்கள் தலையாட்டினார்கள். அடிக்கடி கேட்கிற கதைதான். ஆட்டாமல் இருந்தால் தப்பாகிவிடும்.

அனிதா, இரும்பு இருந்தால் அலறும் கைக்கருவியைச் செருப்பின் மேல் ஓட்டினாள். சத்தமில்லை.

“காலையும் பாருங்கம்மா,” என்றார் ராசப்பன். “ சுகர் காலு. ஊசி குத்துனாலும் இந்த அக்காவுக்குத் தெரியாது.”

“தெரியாதுதானுங்க,” என்றாள் மருதாள். “அதனாலதான் தெனமும் கண்ணாடி வெச்சு அடிப்பாதத்தப் பாத்துக்கறனுங்க.”

கால் மேலும் ஓட்டியாயிற்று. கருவி வாய் திறக்கவில்லை.

ராசப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. மருதாளுக்கு நேர் எதிரில் வந்து நின்றார். “லாட்டே போச்சு. நீங்க இன்னையோட நின்னுக்குங்க அக்கா. கணக்க முடிச்சு அனுப்பச் சொல்றேன்.”

அனிதா கருவியை அணைக்காமலே கையில் தொங்கவிட்டிருந்தாள். அது திடீரென்று அலறியது.

“நாஞ் சொன்னனில்லீங்க?” ராசப்பன் முகம் மலர்ந்தது.

அனிதா கருவியை மருதாளின் கால் பக்கம் கொண்டுபோனாள். அடங்கியது. ராசப்பனின் வெறுங்கால் பக்கம் கொண்டுவந்தாள். மறுபடி அலறியது.

குனிந்து பார்த்த மருதாள் மெல்ல நிமிர்ந்தாள்.

“மொதலாளி, உங்களுக்கு வலிக்கவே இல்லீங்களா?”