யாரும் அசையாத பத்து நிமிடம்

நிலவுக் குடியிருப்பில் அன்று பத்து நிமிடம் யாரும் அசையக் கூடாது. ஒன்றையொன்று சுற்றிவந்த இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதும் அதிர்வு அப்போது வந்து சேரும் என்று முன்பே கணித்திருந்தார்கள். நிலவின் தரையில் ஒருவர் கால் வைத்தாலும் அதை அளக்கும் கருவியில் பதிந்துவிடும். பாதி வாரிய தலையில் சீப்பைப் பிடித்தபடியே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தூளிகள் நின்றன.

கருவி அறையில் இருந்த ஜெசிந்தா, கருவி ஒலியாக மாற்றித் தந்த அந்த அதிர்வைக் கேட்டாள். தூக்கத்தில் யாரோ முனகுவதுபோலத் தொடங்கி, மெல்ல உயர்ந்து, ஒரு கூவலாக முடிந்தது. அதை வைத்துத்தான் இரண்டு விண்மீன்களின் நிறையையும் அவள் அளந்து சொல்ல வேண்டும். ஆனால் நடுவே மூன்று மெல்லிய தட்டல்கள் கேட்டன. பிறகு தொம்மென்று ஒரு சத்தம். நீண்ட அமைதி. மறுபடியும் தட்டல்கள்.

கருவி காட்டிய திசைப்படி அவை அவள் வீட்டுப் பக்கமிருந்து வந்திருந்தன. பத்து நிமிடம் முடிந்ததும் கணவன் அமல்ராஜை அழைத்தாள்.

"ஏங்க, வீட்ல யாரு நடந்தது?"

"நம்ம ஆன்சிதான் ஜெசி. இன்னைக்குத்தான் முதல் முதலா நடந்தா. உன் வேலையக் கெடுத்துட்டோமா?"

"அதப் பிரிச்செடுத்துடலாம். பிள்ள விழுந்தாளா?"

"விழுந்தா. அசையக் கூடாதேன்னு நான் கையக்கூட நீட்டல. என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் அவளாவே எழுந்து வந்துட்டா."

ஜெசிந்தா விண்மீன்களின் ஒலியிலிருந்து மகளின் நடையைப் பிரித்தெடுத்தாள். நிறைகள் துல்லியமாக வந்தன. அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும், எழுவதற்கு முன் மகள் யோசித்துக்கொண்டிருந்த அந்த அமைதியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.