தொட்டியில் ஆண் மீன் இல்லை

"மாமி, சீக்கிரம் இங்கிட்டு வாங்களேன்!"

மருமகள் சாமியாவின் குரல் கேட்டுச் சாரா உம்மாள் பதறிப்போய் வந்தார். மகன் ரிஃபாய் சவூதியிலிருந்து போன தடவை லீவில் வந்தபோது வாங்கி வைத்த மீன்தொட்டியில், கடுகுக்குக் கண் வைத்தாற்போல் இருபது குஞ்சுகள் நீந்தின.

"கப்பி மீனு குட்டி போட்டிருக்கு மாமி!"

"எப்புடி புள்ள? ஆம்பள மீனு நோன்புக்கு முந்தியே செத்துப்போச்சே!"

"இப்பத்தான் மீன் கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஆண் மீன் குடுத்ததைப் பொட்டை மாசக்கணக்கா வயித்துல பத்திரமா வச்சிருந்து குட்டி போடுமாம்."

"யா அல்லாஹ்!"

மாமியாரின் கையைச் சாமியா சட்டென்று இழுத்து, வெள்ளைச் சேலைக்கு மேல் தன் வயிற்றில் வைத்தாள்.

ரிஃபாய் மவுத்தாகி, சவூதியிலேயே அடக்கமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது.

உள்ளே அவன் பிள்ளை முதல் தடவையாக உதைத்தது.