மூன்று முறை அடிப்பார்கள்

வாடகைப் படிப்பறையில் இருந்தவர்கள்: காதில் அடைப்பான் செருகிக்கொண்டு, சுவரைப் பார்த்து ஆங்கிலப் பத்தி படித்த சங்மின். இரவெல்லாம் பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு வந்து நுண்கணிதம் போட்டுக்கொண்டிருந்த யோங்ஹா. அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் போரம். போரமின் செல்போனையும் ஆளாகச் சேர்த்தால் நான்கு பேர்.

அன்றைக்கு முக்கியமான ஆள் அந்த செல்போன்தான்.

படிக்கும் கல்லூரியை விட்டு வேறு கல்லூரிக்கு மாறுவதற்கான தேர்வு ஜனவரியோடு முடிந்திருந்தது. மூன்று பேருக்கும் இடம் கிடைக்கவில்லை. அடுத்த தேர்வுக்கு இப்போதே உட்கார்ந்துவிட்டார்கள். சியோல் நகரத்தில் அவர்களுக்கு உட்கார வேறு இடமும் இல்லை.

ஆனால் இயந்திரவியலுக்கு ஒரு கல்லூரியில் போரம் காத்திருப்போர் வரிசையில் முதலாவது. அவளுக்கு அடுத்தது யோங்ஹா.

இடம் கிடைத்த எவனாவது வேண்டாம் என்று விலகினால், அலுவலகத்திலிருந்து போன் வரும். மூன்று முறை அடிப்பார்கள். எடுக்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். இன்று மாலையோடு கெடு.

போரம் காலையிலிருந்து கழிவறைக்குக்கூடப் போகவில்லை. பத்து மணிக்கு மேல் தாங்க முடியாமல் எழுந்தாள்.

"கூடவே எடுத்துட்டுப் போயேன்," என்றான் யோங்ஹா.

"போன மாசம் ஒண்ணைத் தண்ணிக்குள்ள போட்டேன்ல? இன்னைக்கு என் கை ஆடுற ஆட்டத்துக்கு இதையும் போட்டுருவேன். அடிச்சா எடுத்துப் பேசுங்கண்ணா. இல்ல, கதவைத் தட்டுங்க. அப்படியே ஓடி வந்துடுறேன்."

செல்போனை அவன் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டுப் போனாள். சங்மின் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் ஒரு தொகையீட்டைப் பாதி போட்டிருந்தான். செல்போன் அதிர ஆரம்பித்தது.

திரையில் கல்லூரியின் எண். அதை அவனும் மனப்பாடமாக வைத்திருந்தான்.

கழிவறை நடையின் கோடியில்தான் இருந்தது. எழுந்து போய்த் தட்டியிருக்கலாம். அதுகூட வேண்டாம், இருந்த இடத்திலிருந்தே எடுத்து, இதோ வந்துவிடுவாள் என்று சொல்லியிருக்கலாம்.

அவன் பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. மரமேசையில் அந்தச் சத்தம் அறை முழுவதும் கேட்பதுபோல் இருந்தது. சங்மின் முதுகைத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தான்.

நாற்காலியில் தொங்கிய போரமின் நீளமான குளிர்கோட்டை எடுத்தான் யோங்ஹா. மடித்து, செல்போனின் மேல் வைத்தான். தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவதுபோல் ஓரத்தைக்கூட இழுத்துவிட்டான்.

இருபத்தெட்டு வயது. நின்றுபோன படிப்பு. அவளுக்கு இருபத்திரண்டுதான், இன்னும் நாலு தரம் எழுதலாம். இப்படி ஏதேதோ நினைத்தான். நினைத்தது எதையும் அவனே நம்பவில்லை.

மூன்றாவது முறை, கோட்டுக்கு அடியில், தூரத்தில் எங்கோ அடிப்பதுபோல் அடித்து ஓய்ந்தது.

பிறகு அவன் சட்டைப்பையில் அதிர்ந்தது.

அதே எண்.

நாற்காலி கிறீச்சிட எழுந்தான். நடைக்கு ஓடினான். கட்டைவிரல் வழுக்கி, இரண்டாவது முறைதான் பட்டது. வயிற்றிலிருந்து சந்தோஷம் பொங்கியது. அதற்காக அவன் அப்போது வெட்கப்படவில்லை.

"யோங்ஹாதான் பேசுறேன்! சேர்றேங்க. கண்டிப்பா சேர்றேன்."

மறுமுனையில் ஒரு பெண் காகிதம் புரட்டினாள்.

"நீங்க போரமோட அண்ணன்தானே? அவங்க போனை எடுக்கலைன்னா உங்களைக் கூப்பிடச் சொல்லி இந்த நம்பரைத்தான் குடுத்திருக்காங்க. அவங்க சார்பா நீங்க சொன்னாப் போதும்னு எடுத்துக்கலாமா?"

தேர்வு எழுதுவது போரமின் வீட்டுக்குத் தெரியாது. தெரிந்தால் அப்பா அன்றே ஊருக்கு இழுத்துப் போய்விடுவார். வீட்டு ஆளின் எண் கேட்ட இடத்தில் அவள் வேறு யாருடையதைக் கொடுப்பாள்?

"சார், லைன்ல இருக்கீங்களா?"

கழிவறைக் கதவு திறந்தது. முகத்தில் சொட்டும் நீரோடு போரம் வந்தாள். அவன் கையில் போனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"உங்களுக்கா? அண்ணா, உங்களுக்கு வந்துருச்சா?"

அவள் முகம் மலர்ந்தது. அவனுக்காக. தனக்கு அடுத்தவனை ஏன் கூப்பிடுகிறார்கள் என்று கணக்குப் போட அவளுக்கு ஒரு நொடி ஆயிற்று. அந்த ஒரு நொடி முழுவதும் அவனுக்காகத்தான் மலர்ந்திருந்தது.

அவன் போனை நீட்டினான். "உனக்குத்தான்."

அவள் வாங்கி, எதிரே இல்லாத ஆளுக்குக் குனிந்து குனிந்து நன்றி சொன்னாள். சேர்வதாகச் சொன்னாள். கண்ணைத் துடைத்தாள். இன்றே வந்து பதிய வேண்டுமாம். போனை அவன் கையில் திணித்துவிட்டு அறைக்குள் ஓடினாள்.

கோட்டை எடுத்தாள்.

யோங்ஹா வாசற்படியிலேயே நின்றான். அவள் கோட்டைக் கையில் பிடித்தபடி செல்போனைப் பார்த்தாள். திரையைத் தொட்டாள்; எடுக்காத அழைப்புகள் மூன்று. புத்தகத்தைப் பார்த்தாள். அவனை மட்டும் பார்க்கவில்லை.

சங்மின் காதடைப்பானைப் பிடுங்கினான். "என்னடி, கிடைச்சிருச்சா? ஐயோ, தப்பிச்சுட்டியே! முதல்ல அண்ணனுக்குக் கறி விருந்து வை. உன் போனுக்கு அவர்தானே காவல் இருந்தாரு!"

"ஆமா," என்றாள் போரம். "நல்லாத்தான் பாத்துக்கிட்டாரு."

கோட்டை மாட்டிக்கொண்டு கழுத்துவரை ஜிப்பை இழுத்தாள். சங்மினின் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். யோங்ஹா ஒதுங்கி வழிவிட்டான். அவனைக் கடக்கும்போது, பெரியவர்களுக்குச் செய்வதுபோல் இடுப்புவரை முறையாகக் குனிந்தாள். இத்தனை நாள் பழக்கத்தில் அவனிடம் அவள் ஒருமுறைகூட அப்படிக் குனிந்ததில்லை.

கதவு அவள் பின்னால் மெல்லச் சாத்திக்கொண்டது. பிறகு, எண் அழுத்தித் திறக்கும் அந்த ஊர்ப் பூட்டுகள் எல்லாம் செய்வதுபோல், ஒரு சின்ன இசையோடு தானாகவே பூட்டிக்கொண்டது.