பெருச்சாளி மாஸ்டர்

ஊர் பேரைக் கேட்காதீர்கள், கதையைக் கேளுங்கள். ஒரு அரிசிக் கடையிலே ஒரு சுண்டெலி இருந்தது. தின்று தின்று கொழுத்து, தன் பொந்துக்குள்ளேயே நுழைய முடியாமல் போய்விட்டது. கடைக்காரரோ பூனை ஒன்றுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

பதறிப்போன சுண்டெலி, உடம்பை இளைக்க வைக்கும் மாஸ்டரைத் தேடிக் கடைக்குப் பின்னால் ஓடியது. மாஸ்டர் ஒரு பெருச்சாளி. வயிறு தரையில் இழுபட்டது.

"தப்பா நினைக்காதீங்க மாஸ்டர். முதல்ல நீங்க கொஞ்சம் இளைக்கலாமே?"

"இது என் தொப்பையாடா? என்கிட்ட வந்து இளைச்சவங்களோடது. சாப்பாட்டுல பாதியை இங்க வச்சிட்டு ஓடு."

சுண்டெலி தினமும் அரிசியை வைத்துவிட்டு ஓடியது. மாஸ்டர் மென்றுகொண்டே, "இன்னும் ஒரு சுத்து" என்றது.

பூனை வந்தது. கொழுகொழுவென்று பால் குடித்து வளர்ந்த பூனை. அது பாய்வதற்குள் சுண்டெலி பொந்துக்குள் சர்ரென்று நுழைந்துவிட்டது. மூச்சிரைத்த பூனை, நேரே மாஸ்டரிடம் போனது. அவ்வளவு பெரிய பெருச்சாளி மேல் கைவைக்க அதற்குத் தைரியம் இல்லை.

"எனக்கும் சொல்லித் தருவீங்களா மாஸ்டர்?"

"நாளைக்குப் பாலோட வா."

பூனை சந்தோஷமாகப் போய்விட்டது. பொந்துக்குள்ளிருந்து சுண்டெலி அழுதது.

"அவன் இளைச்சா என்னைப் பிடிச்சிருவானே மாஸ்டர்."

"அப்ப நீ இன்னும் வேகமா ஓடணும். நாளையிலேர்ந்து மீதிப் பாதியையும் கொண்டுவா" என்று சொல்லிவிட்டு, மாஸ்டர் ஆடி அசைந்து நடந்தது.