இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் கேமரா

சித்திரக்குளத்தைப் பார்த்த ஜன்னலருகே சூடாமணி தலைமுடியை அவிழ்த்து முன்னால் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாளை அடையாறு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றப்போகிறார்கள். முடியெல்லாம் கொட்டிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அதுக்குள்ள ஒரு போட்டோ எடுங்கோ. உங்க தங்கக் கேமராவாலயே எடுங்கோ" என்று கணவரிடம் கேட்டவள் அவள்தான். சேகரிப்பவர்களுக்கென்று உலகத்திலேயே ஐந்நூறுதான் செய்த கேமரா அது. தங்க முலாம் பூசிய அடிப்பாகத்தில் 212 என்று பொறித்திருக்கிறது. பத்ரிநாராயணன் பதினோரு வருடமாக அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் துடைத்து வந்தாரே தவிர, ஒரு படம் எடுத்ததில்லை. இன்று பிலிம் போட்டுவிட்டார். காலை வெயில் அவள் கன்னத்தில் விழுகிறது. தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போகிறாள். அவர் பொத்தானை அழுத்துகிறார். உள்ளே எதுவோ இறுகிப்போயிருக்கிறது, அசையவில்லை. விரல் நகம் வெளுக்க மறுபடியும் அழுத்திப் பார்க்கிறார்.

"எடுத்தாச்சா? சத்தமே கேக்கலையே."

"ஒசந்த கேமராவோன்னோ, சத்தம் போடாது."

அவள் சிரிப்பை மாற்றாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். வெயில் கன்னத்திலிருந்து தோளுக்கு இறங்கிவிட்டது. கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்தால் அவள் முகத்தை நேராகப் பார்க்க வேண்டும்.

"இன்னும் ஒண்ணு" என்கிறார்.